தீவகத்திலிருந்து கோல்ஃப் மைதானத்துக்கு: கேடி வேலைக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊர்காவற்துறை, நெடுந்தீவு, நயினாதீவு என்று எங்கு தேடினாலும் ஒரு கோல்ஃப் குழி கிடையாது. ஆனாலும் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறாரே, அந்த வேலைக்கு எப்படிப் போவது?" என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல கேள்விதான். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. தீவகத்தில் வளர்ந்தவருக்கு இந்த வேலையின் கடினமான பகுதி ஒன்று ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அது என்ன என்பதைப் போகிற வழியில் பார்ப்போம். முதலிலிருந்து, ஒவ்வொரு படியாக, சேர்ந்தே போவோம்.

கேடி என்ன செய்கிறார்?

பை தூக்குவது வெளியே தெரியும் வேலை. பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் இருக்கும். தொழில்முறை ஆட்டக்காரரின் பை, பந்து, குடை, மழை உடுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டிவிடும். அதைச் சுமந்துகொண்டு 18 குழிகளுக்கும் நடந்தால் 8 முதல் 10 கிலோமீற்றர் ஆகும். நேரம் நான்கு, ஐந்து மணித்தியாலம்.

உண்மையான வேலை அதற்குள் இருக்கிறது. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிக்கு எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், எங்கே தப்பினால் நட்டம் குறைவு என்று சொல்வது. மட்டையைத் துடைத்துக் கொடுப்பது, அடித்த பந்து போன இடத்தைக் கண்ணால் பிடித்து வைப்பது, மணல் பள்ளமான பங்கரைச் சமப்படுத்துவது. இவற்றோடு ஆட்டக்காரர் சோர்ந்து போகும்போது பக்கத்தில் நிதானமாக நிற்பதும் உண்டு. ஆட்டத்தின் நடுவில் ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் கேடிதான். தனிநபர் போட்டியில் பயிற்சியாளர்கூட வாய் திறக்க முடியாது.

1913இல் அமெரிக்க ஓபன் போட்டியில் பிரான்சிஸ் விமெட் என்ற இளம் அமெச்சூர் ஆட்டக்காரர், ஹரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு பிரிட்டிஷ் ஜாம்பவான்களைத் தோற்கடித்தார். அவருக்குப் பை தூக்கிய எடி லோவரிக்கு அப்போது வயது 10. அந்த வயதில் எத்தனை கிலோ தூக்கியிருப்பான் என்று யோசிக்க வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதன் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பெண்பிள்ளைகளும் வரலாமா? தாராளமாக வரலாம். சுவீடனைச் சேர்ந்த ஃபனி சுனெசன், நிக் ஃபால்டோவின் கேடியாக 1990 மாஸ்டர்ஸ் உட்பட நான்கு பெரிய பட்டங்களில் கூட நடந்தவர்.

எங்கே போவது?

இலங்கையில் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இடங்கள் சில. கொழும்பு பொரளைப் பக்கம் இருக்கும் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது. களனிவெளி ரயில் பாதை இந்த மைதானத்தின் ஊடாகவே போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும், ரயிலுக்குத்தான் முன்னுரிமை. நுவரெலியாவில் ஆங்கிலேயர் காலத்து மைதானம் ஒன்று ஊரின் நடுவிலேயே இருக்கிறது. கண்டிக்கு அருகே திகனையில் விக்டோரியா, தெற்கே அம்பாந்தோட்டையில் ஷங்ரி-லா, திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம் என்று மற்றவை.

புதியவருக்கு என் யோசனை கொழும்பு அல்லது நுவரெலியா. இரண்டும் பழைய கிளப்கள், ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆட்டம் நடக்காத மைதானத்தில் கேடி வேலை படிக்க முடியாது. நுவரெலியாவில் தமிழ் கதைத்தே நாளை ஓட்டிவிடலாம், ஆனால் குளிர். கொழும்பில் சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் வேண்டும், ஆனால் போட்டிகள் அங்கேதான் கூடுதல். இந்தியாவின் தொழில்முறைத் தொடரான பி.ஜி.டி.ஐ. போட்டிகளும் ராயல் கொழும்பில் நடந்திருக்கின்றன.

போன உடன் தேட வேண்டிய ஆள் கேடி மாஸ்டர். யாருக்கு எந்தப் பை என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. புதியவர்களை எடுக்கிறார்களா, என்ன வயது, என்ன ஆவணம், பயிற்சிக் காலம் எவ்வளவு என்பதெல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும். தேசிய அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று ஆகியவற்றை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அங்கே போன பிறகு ஒரு கடிதத்துக்காகக் குறிகட்டுவானில் படகு பிடித்துத் திரும்பி வருவது வீண் செலவு.

ஊரிலேயே செய்யக்கூடிய தயாரிப்பு

புறப்படுவதற்கு முன் இரண்டு மாதம் ஒதுக்குவோம். செலவு ஏறத்தாழ இல்லை.

முதலாவது நடை. ஒரு முதுகுப் பையில் 10 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு காலையில் நடக்கலாம். மெல்ல மெல்ல 15 கிலோவுக்கு ஏற்றலாம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதி இதற்கு நல்ல இடம். இரு பக்கமும் கடல், மறைப்பு இல்லை, காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது காலடி. கோல்ஃபில் தூரம் யார்டில்தான். ஒரு யார்ட் 0.9144 மீற்றர். பள்ளிக்கூட மைதானத்தில் அளவு நாடாவால் 100 யார்ட் அளந்து இரு முனையிலும் கல் வைத்து, இயல்பாக நடந்து எத்தனை எட்டு என்று எண்ணுவோம். பிறகு ஓர் எட்டு சரியாக ஒரு யார்ட் வரும்படி காலைப் பழக்குவோம். சுமையோடும் அதே கணக்கு வர வேண்டும். கருவி இல்லாத நாளில் இது கைகொடுக்கும்.

மூன்றாவது காற்று. தீவகத்தாருக்கு முன்கூட்டியே கிடைத்த சொத்து என்று சொன்னது இதைத்தான். சோளகம் எப்போது எழும்பும், வாடை எப்போது மாறும், கொண்டல் வந்தால் கடல் எப்படி இருக்கும் என்பது நமக்கு வீட்டுப் பேச்சு. நகரத்தில் வளர்ந்த கேடி இதைக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் முழுக்க வேண்டும்.

என்ன வாங்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். வழுக்காத, நீர் புகாத நல்ல சப்பாத்து ஒரு சோடி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது, கால் போனால் வேலை போயிற்று. அகல விளிம்புத் தொப்பி, மெல்லிய மழைக் கோட்டு, இரண்டு துவாய், சட்டைப் பைக்குள் அடங்கும் கொப்பி, இரண்டு பென்சில், தண்ணீர்ப் போத்தல். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். நுவரெலியா என்றால் ஒரு கம்பளிச் சட்டையும் சேரும்.

தூரம் காட்டும் லேசர் கருவியை முதல் ஆண்டில் வாங்க வேண்டியதில்லை. ஆட்டக்காரரிடமே இருக்கும். தொழில்முறைப் போட்டிகள் சிலவற்றில் அதற்குத் தடையும் உண்டு.

முதல் வாரங்கள்: பையும் துவாயும்

தொடக்கத்தில் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. அலுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் மைதானத்தை நடந்து பழகுவோம். எந்தக் குழி எந்தத் திசை, எங்கே தண்ணீர், எங்கே பங்கர், எந்த மரத்தடியில் பந்து ஒளியும் என்று கொப்பியில் எழுதி வைப்போம்.

பை கிடைத்ததும் ஒழுங்கு இப்படி. முதல் டீக்கு, அதாவது முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு, போகும் முன் மட்டைகளை எண்ணு. ஒரு துவாயின் பாதியை நனைத்து வை, மறுபாதி காய்ந்திருக்கட்டும். பந்து எந்த நிறுவனத்தது, எந்த எண், என்ன அடையாளம் என்று பார்த்துக்கொள். ஆட்டக்காரர் மட்டையை எடுத்ததும் பை குலுங்காமல் விலகி நில். நிழல் பந்தின் மேலோ குழியின் மேலோ விழக் கூடாது. அடித்த பந்து தரையைத் தொடும் வரை கண்ணை எடுக்காதே. பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் உண்டு, அதற்குள் கிடைக்காவிட்டால் அது தொலைந்த பந்து.

அடித்த இடத்தில் பெயர்ந்த புல்லைத் திரும்பப் பதித்து மிதிப்பதும், பங்கரில் கால்தடத்தை அழிப்பதும் நம் பொறுப்பு. கேடி மாஸ்டர் புதியவரை எடைபோடுவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான்.

தூரக் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று போவோம். இதுதான் தொழிலின் முதுகெலும்பு.

ஒவ்வொரு குழியின் முடிவிலும் நன்றாக வெட்டிய புல்தரை ஒன்று உண்டு, அதைக் கிரீன் என்கிறோம். கொப்பியில் நாம் எழுதும் தூரம் கிரீனின் முன் விளிம்புக்கு. கொடி ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் நடப்படும். போட்டி நாளில் அது முன் விளிம்பிலிருந்து எத்தனை எட்டு உள்ளே என்று ஒரு தாள் தருவார்கள். முன் விளிம்புக்கு 152, கொடி 14 உள்ளே என்றால் மொத்தம் 166.

166 என்று மட்டும் சொன்னால் அரை வேலைதான் முடிந்தது. முன்னால் இருக்கும் பங்கரைத் தாண்ட எவ்வளவு வேண்டும்? கொடிக்குப் பின்னால் எத்தனை யார்ட் மிச்சம், அதற்கு அப்பால் சரிவா, தண்ணீரா? "தாண்ட 145, கொடி 166, பின்னால் 8தான்" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகுவோம். ஆட்டக்காரர் எந்த மட்டையால் எவ்வளவு தூரம் அடிப்பார் என்பதையும் ஒவ்வொரு சுற்றிலும் குறித்து வைப்போம். சில வாரங்களில் அவருடைய 7ஆம் எண் அயர்ன் மட்டையில் பந்து எவ்வளவு போகும் என்று அவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். மனிதர்கள் தங்கள் மிகச் சிறந்த அடியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். கொப்பி சராசரியை வைத்திருக்கும்.

நுவரெலியாவில் இன்னொரு திருத்தம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, பந்து கொழும்பைவிடத் தூரம் போகும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஊர் மாறினால் பழைய கணக்கை அப்படியே நம்பாமல், பயிற்சி அடிகளில் புதிதாக அளப்போம்.

காற்றுக் கணக்கு

புல்லைக் கிள்ளி மேலே வீசிப் பார்ப்பதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். அது தோள் உயரத்துக் காற்றை மட்டும் சொல்லும். பந்து மரங்களுக்கு மேலே பறக்கிறது. ஆகவே மர உச்சியைப் பார்க்க வேண்டும், கொடியைப் பார்க்க வேண்டும், கிரீன் பக்கத்து மரமும் நாம் நிற்கும் இடத்து மரமும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பனை உச்சியைப் பார்த்தே காற்றைச் சொல்லும் ஊர்க்காரருக்கு இது புதுப் பாடம் அல்ல.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு: எதிர்க்காற்று மணிக்கு 10 மைல் என்றால் தூரத்தில் ஏறத்தாழ 10 வீதம் கூட்டு. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 5 வீதம் மட்டும் கழி. 166 யார்ட் எதிர்க்காற்றில் 183 போல ஆடும், பின் காற்றில் 158 போல. பின் காற்று தரும் உதவி எதிர்க்காற்று செய்யும் கெடுதலில் பாதிதான் என்பதை மறக்கக் கூடாது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சுற்று தொடங்கும் முன் காற்றின் திசையை மைதானப் படத்தில் ஒரு அம்புக்குறியாகப் போட்டுவிடுவோம். பிறகு குழிக்குக் குழி குழம்ப வேண்டாம். மரங்களுக்கு நடுவே காற்றே இல்லாதது போலத் தோன்றும்போது அந்த அம்புக்குறியை நம்பலாம். சோளகக் காலத்து நடுப்பகலில் எதிர்க்கும் குழி எது, தள்ளும் குழி எது என்று மாதவாரியாக எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அந்தக் கொப்பிக்கு விலை இல்லை. நுவரெலியாவில் மட்டும் மலைச் சரிவுகள் காற்றைச் சுழற்றிவிடும். அங்கே அம்புக்குறிக்கு மரியாதை குறைவு.

வாயைத் திறப்பது எப்போது?

கேடிகளுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு: நேரத்துக்கு வா, கூடவே நட, வாயை மூடு. முதல் மாதத்துக்கு இது போதும். அதற்குப் பிறகு போதாது.

மட்டையைத் தேர்வது ஆட்டக்காரர். நாம் தருவது தகவல். அவர் கேட்டால் நம் கருத்தைத் தெளிவாக, ஒரே ஒரு தடவை சொல்வோம். "7 சரி, சேர்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "7ஆகவும் இருக்கலாம், 6ஆகவும் இருக்கலாம்" என்று இழுத்தால் அவர் கையில் சந்தேகம் ஏறிவிடும். அவர் வேறு மட்டையை எடுத்துவிட்டால் அதன் பிறகு அதுதான் சரியான மட்டை. அடி பிழைத்த பின் "நான் அப்போதே சொன்னேன்" என்ற பேச்சு கூடவே கூடாது.

மோசமான குழிக்குப் பிறகு என்ன கதைப்பது என்பது ஆளைப் பொறுத்தது. சிலருக்கு கிரிக்கெட் பேச்சு வேண்டும், சிலருக்கு மௌனம். முதல் மூன்று குழிகளுக்குள் எந்த ரகம் என்று பிடித்துவிடுவோம்.

கவனம்: தண்டனை ஆட்டக்காரருக்கு

படகில் அணியம் பக்கம் நிற்பவர் பாறையைப் பார்க்கத் தவறினால் படகோட்டிக்கும் சேர்த்துத்தான் நட்டம். கோல்ஃப் விதியும் அப்படியே: கேடி விதியை மீறினால் ஆட்டக்காரரின் கணக்கில் தண்டனை அடி ஏறும். ஆகவே விதிப் புத்தகத்தில் 10.3ஆம் விதியை முதலில் படிப்போம். விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் செயலியில் இலவசமாகக் கிடைக்கிறது.

மட்டை எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். 2001இல் பிரிட்டிஷ் ஓபன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முன்னணியைப் பகிர்ந்துகொண்டிருந்தார். இரண்டாம் டீயில் நின்றபோதுதான் பையில் 15 மட்டைகள் இருப்பது தெரிந்தது. பயிற்சிக்கு எடுத்த இன்னொரு டிரைவர் மட்டையைக் கேடி வெளியே எடுத்து வைக்க மறந்திருந்தார். இரண்டு அடி தண்டனை. வூஸ்னம் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்து முடித்தார். எண்ணிப் பார்க்க பத்து வினாடிதான் ஆகியிருக்கும்.

அடுத்தது நிற்கும் இடம். ஆட்டக்காரர் அடிக்க நிலை எடுக்கத் தொடங்கியதும், பந்துக்குப் பின்னால் அதே கோட்டில் நாம் நிற்கக் கூடாது. 2019 தொடக்கத்தில் வந்த விதி இது. அந்த மாதமே துபாயில் சீன ஆட்டக்காரர் லி ஹாவோடொங் கடைசிக் குழியில் இரண்டு அடி தண்டனை வாங்கி, மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கினார். சில நாட்களில் விளக்கம் தந்து விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆட்டக்காரர் பின்வாங்கிப் புதிதாக நிலை எடுத்தால் இப்போது தண்டனை இல்லை. நாம் தளர்வை நம்ப வேண்டாம், அவர் குனியும் முன்பே பக்கவாட்டில் விலகிவிடுவோம்.

பேச்சிலும் பொறி இருக்கிறது. பக்கத்து ஆட்டக்காரரின் கேடி நம் ஊர் அண்ணையாகவே இருக்கட்டும், "என்ன மட்டை அண்ணை?" என்று கேட்டாலே ஆலோசனை கேட்ட குற்றம், இரண்டு அடி. தேத்தண்ணி குடிக்கும்போது எவ்வளவும் கதைக்கலாம், ஆட்டத்துக்குள் வேண்டாம்.

கிரீனில் பந்தை எடுக்கும் முன் அடையாளம் வைக்காவிட்டால் ஓர் அடி. கிரீனுக்கு வெளியே ஆட்டக்காரர் சொல்லாமல் பந்தைத் தொடவே கூடாது. கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டும் ஆடலாம் என்பதால், எடுப்பதா விடுவதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவோம். பங்கரில் நம் பந்து கிடக்கும்வரை மணலைக் காலால் கிளறிப் பார்ப்பதும் வேண்டாம்.

கையில் எவ்வளவு?

கிளப் மட்டத்தில் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கிளப் நிர்ணயித்த கட்டணம் இருக்கும். அதற்கு மேல் ஆட்டக்காரர் மனம்வைத்துத் தருவது. பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. மழை பெய்தால் ஆட்டமில்லை, ஆட்டமில்லை என்றால் காசுமில்லை. ஊழியர் சேமலாப நிதி உண்டா, விபத்துக்குக் காப்புறுதி உண்டா என்று சேரும் நாளிலேயே கேட்போம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கொழும்பில் பெரிய செலவு அறை வாடகை. கூட்டாக அறை எடுப்பது நல்லது. முதல் இரண்டு மாத வாடகையும் சாப்பாட்டுக் காசும் கையில் இல்லாமல் புறப்பட வேண்டாம். வருமானம் ஒரு நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும்.

தொழில்முறைப் போட்டிக்குப் போனால் கணக்கு வேறு. வாரத்துக்கு ஒரு தொகை, அதோடு பரிசுப் பணத்தில் பங்கு. உலக வழக்கம் இது: பரிசு கிடைக்கும் இடத்துக்கு வந்தால் 5 வீதம், முதல் பத்து இடத்துக்குள் 7, வென்றால் 10. ஓர் உதாரணம் போடுவோம். ஆட்டக்காரர் வென்று 20 இலட்சம் ரூபாய் எடுத்தால் நமக்கு 2 இலட்சம். இரண்டாம் நாளோடு வெளியேறினால் வாரத் தொகை மட்டும், அதிலிருந்துதான் பஸ், அறை, சாப்பாடு. அப்படிப்பட்ட வாரங்களே அதிகம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவோம்.

தொகையை முன்கூட்டியே பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மெக்சிகோ போட்டி சாட்சி. மட் கூச்சர் வென்று ஏறத்தாழ 13 இலட்சம் டொலர் எடுத்தார். அந்த வாரத்துக்கு மட்டும் பை தூக்கிய உள்ளூர் கேடிக்குக் கொடுத்தது 5,000 டொலர். செய்தி வெளியே வந்து ஊர் சிரித்த பிறகு 50,000 ஆனது. வாரத் தொகை, பங்கு வீதம், போக்குவரத்து யார் செலவு ஆகிய மூன்றையும் போட்டிக்கு முன் பேசி, வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்வோம்.

மேலே போகும் வழி

ஓர் ஆண்டு கிளப்பில் நின்ற பிறகு, உள்ளூர்ப் போட்டிகளில் நல்ல ஆட்டக்காரர்களின் பையைக் கேட்டு வாங்கலாம். என். தங்கராஜா, கே. பிரபாகரன், அனுர ரோஹன, மிதுன் பெரேரா போன்ற இலங்கை ஆட்டக்காரர்கள் பி.ஜி.டி.ஐ. தொடரில் ஆடியவர்கள். இங்கிருந்து அங்கே போகும் பாதை திறந்துதான் இருக்கிறது.

கேடியே ஆட்டக்காரர் ஆவதும் உண்டு. டெல்லி மைதானத்தில் பை தூக்கிய அலி ஷேர் 1991இலும் 1993இலும் இந்திய ஓபனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் அதே பட்டத்தை எடுத்தார். பல கிளப்களில் கேடிகளுக்கென்று ஆட ஒரு நாள் ஒதுக்குவார்கள். நம் கிளப்பில் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அந்த நாளைத் தவறவிட வேண்டாம். மட்டை பிடித்து அடித்துப் பார்த்தவர் சொல்லும் தூரத்துக்கு எடை வேறு.

ஊரில் நிற்கும்போது இந்தியப் போட்டி கிடைத்துவிட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, கொழும்புக்குப் போக வேண்டிய அவசியமில்லை. கடவுச்சீட்டை வேலை தொடங்கிய முதல் ஆண்டிலேயே எடுத்து வைப்போம். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்குப் பை தூக்குவது சிக்கலில் மாட்டும். எந்த விசா பொருந்தும், அழைப்புக் கடிதம் யார் தருவார் என்பதை ஆட்டக்காரரிடமும் போட்டி அலுவலகத்திடமும் கேட்டு, பதில் கையில் வந்த பிறகே பயணச்சீட்டுக்குக் காசு கட்டுவோம்.